கறுப்புப் பக்கம்

மூடிவிட்டு வந்த வயலின் இரும்புக் கேட் அங்கே இல்லை.

கல்சுவர் இருந்தது. டெக்லன் அதைத் தொட்டுக்கொண்டே நடந்தான். மூடுபனி குன்றிலிருந்து ஈரக் கம்பளிபோல இறங்கியிருந்தது. அழுகிய புல்லும் ஆட்டுப் புழுக்கையும் நாறின. கீழே ஆட்டுக்காரர் டோனலின் நாய் குரைத்தது, பிறகு அதே குரைப்பு மேலேயிருந்து வந்தது.

சற்று முன் குன்றேறி வரும்போது, ஆடுகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த டோனல் அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இதப் போட்டுக்கிட்டு நீ தொலையணும்னாலும் முடியாது தம்பி." சொன்னபின் முகம் மாறியது. "உன் பொண்டாட்டி போட்டிருந்ததும் இதே மாதிரி கோட்டுதான். அவ எதுக்கு அதத் திருப்பிப் போட்டா? ஒரு வருஷமா கேக்கணும்னு நெனைக்கிறேன்."

"தெரியல," என்றான்.

தெரியும். போன வருடம் அன்று மாலை ஓர்லா இந்த வயலிலிருந்துதான் போன் செய்தாள். கேட்டைக் காணோம் என்றாள். டிவியில் ஆட்டம் முடியும் நேரம். வயலில் வழி மயங்கினால் கோட்டைத் திருப்பிப் போட வேண்டும், வழி தெரிந்துவிடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி.

"கோட்டத் திருப்பிப் போட்டுக்கயேன்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

உள்பக்கம் கறுப்பு. இருட்டியதும் ஊரே டார்ச்சோடு ஏறியது. மஞ்சள் கோட்டைத் தேடுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னவன் அவன்தான். வெளிச்சங்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. விடிந்தபின் சுவரோரம் அவள் உடல் கிடைத்தது. கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

இப்போது கைக்கு மறுபடி அதே பாசிக் கல் பட்டது. சுற்றி வந்துவிட்டான். மறுபடி சுற்றினான். கேட் இல்லை. கோட்டைத் திருப்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டான். மஞ்சள் வெளியே இருக்கட்டும்.

பனிக்குள் ஒரு டார்ச். பின்னால் இன்னும் சில.

"ஓர்லா!"

பல குரல்கள். அவற்றில் ஒன்று அவனுடையது.

"மஞ்சளப் பாருங்க. மஞ்சள் கோட்டு."

"இங்க இருக்கேன்," என்று கத்தினான். கையை வீசினான். வெளிச்சம் அவன் நெஞ்சில் விழுந்தது. நிற்கவில்லை. டார்ச்சைப் பிடித்திருந்தவன் ஒரு கணம் நேராகப் பார்த்தான். அவனுக்கும் டெக்லனின் முகம். தாண்டிப் போனான்.

ஜிப்பைத் தேடினான். விரலுக்குத் தையல்தான் பட்டது. குனிந்தான்.

கறுப்பு.

வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நாய் ஓய்ந்தது.

தினமும் வாசலில் அவனை நிறுத்தி, காலரில் துருத்தும் லேபிளை ஓர்லா சரிசெய்து விடுவாள். இப்போது பின்கழுத்தில், வெளியே துருத்திய லேபிளை, ஈர விரல்கள் மெதுவாக நீவிவிட்டன.