மூலைக் குழாய்

ஜெயஸ்ரீ தட்டியது ஒரு தட்டு. திரும்பி வந்தது இரண்டு.

புதிதாக ஒட்டிய டைல்ஸ் எங்கேயாவது பொள்ளலாக நிற்கிறதா என்று கரண்டிக் காம்பால் தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் கொத்தனார் ஜெயவேல். கெட்டிச் சத்தம் வந்தால் அடியில் சிமென்ட் பிடித்திருக்கிறது. டொப்பென்று கேட்டால் காலி. பாத்ரூம் தரையில் குந்திக்கொண்டு, வாசலில் தொடங்கி ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லாம் கெட்டி. வெள்ளைவெளேரென்று நிற்கும் வெஸ்டர்ன் கக்கூசுக்குப் பின்னால், மூலைக் கல்லில் மட்டும் டொப். அவள் கையை எடுத்த பிறகு, அதே இடத்துக்கு அடியிலிருந்து, நிதானமாக, டொக் டொக்.

இரண்டு தட்டு என்றால் எத்திராஜ் கூப்பிடுகிறான் என்று பொருள். விசைப்படகில் அவன் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒரு பேச்சு. கைத்தடியால் கட்டில் காலில் ஒரு தட்டு தட்டினால், ஒன்றுமில்லை, வராதே. இரண்டு தட்டினால், வா. அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி அவசரத்தைக் கத்திச் சொல்லக் கூச்சப்பட்ட மனுஷன் கண்டுபிடித்த வழி அது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

"கூப்டியா?"

"நானா? இல்லமே. நல்லா தூங்கிகினு இருந்தேன்."

தடி ஜன்னல் கம்பியில் மாட்டியபடியே இருந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போக, அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. திருவொற்றியூரில் இருந்துகொண்டு அதிர்வுக்குப் பயந்தால் குடித்தனம் நடத்த முடியுமா? லாரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த பாத்ரூமுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இறால் உரிக்கும் ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போக நின்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சீட்டுப் போட்டு, இரண்டு பொங்கலுக்குப் புடவை எடுக்காமல் சேர்த்த காசு அது. குந்த முடியாத எத்திராஜை, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்வாள். நடுக்கடலில் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாதவன், அந்த நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். சில நாள் அழுவான். கேட்டால் கண்ணில் சோப்பு போய்விட்டது என்பான். அவன் தன் கையால் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தனியாகப் போய்வர வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

மூலையில் முன்பு ஒரு இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. எந்தத் தண்ணீர் லைனிலும் சேராத மொட்டைக் குழாய். அதற்கு அடியில் கிணறு. தெருவுக்கு மெட்ரோ தண்ணீர் வந்த காலத்தில் எத்திராஜின் அப்பா கிணற்றை மூடி, மேலே பாத்ரூம் கட்டினார். கிணற்றை மூடுகிறவர்கள் அது மூச்சு விடுவதற்கு ஒரு குழாயை நட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். அதை அவரும் செய்தார். மண் கொட்டி நிரப்ப மட்டும் வசதியில்லாமல், வாயில் கான்கிரீட் சிலாப்பைப் போட்டதோடு விட்டுவிட்டார்.

"பைப்பு நின்னா கக்கூஸ் அந்த எடத்துல உக்காராதுக்கா. வெட்டிடட்டா?" என்று ஜெயவேல் கேட்டபோது, கட்டிலிலிருந்து எத்திராஜ் குரல் கொடுத்தான்.

"அது நைனா வெச்சது. கெணறு மூச்சு வுடணும்னு சொல்லிகினே இருப்பாரு. வேற மூலையில வெச்சுக்கலாமே."

வேறு மூலை என்றால் தரையைத் தோண்டி டிரெய்னேஜ் லைனைத் திருப்ப வேண்டும். சீட்டுப் பணம் அதற்குத் தாங்காது. "உங்க நைனா சொல்ட்டு பூட்டாரு. கெணத்துக்கு இன்னா மூக்கா கீது?" என்று சிரித்தபடி வெட்டச் சொன்னவள் ஜெயஸ்ரீதான். வெட்டிய வாயில் சிமென்டைக் குழைத்துத் தன் கையாலேயே அடைத்தாள்.

மத்தியானம் வாசனை வந்தது. சாக்கடை வாசனை அவளுக்குத் தெரியும், எண்ணூர்த் தொழிற்சாலைப் பக்கக் காற்றில் வரும் மருந்து நெடியும் தெரியும். இது பாசியும் துருவும் கலந்து, வெயிலே படாத தண்ணீரின் குளிர்ந்த வாசனை. அது பாத்ரூம் வாசலைத் தாண்டி அடுப்பங்கரை வரை வந்து, உலையில் வெந்த சோற்றிலும் ஏறிக்கொண்டது. பினாயில் ஊற்றப் போனவள் கக்கூஸ் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மெல்ல மேலே ஏறியது. ஒரு கணம் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. பார்த்துக்கொண்டே நின்றதில், தன் மூச்சும் அந்தத் தாளத்துக்கே ஏறி இறங்குவது அவளுக்கு உறைத்தது.

ஜெயவேலுக்குப் போன் போட்டாள்.

"அந்த மூலைக் கல்லப் பேத்துடு ஜெயவேலு. பைப்பு வாயைத் தொறந்து வுட்டுடு."

"இன்னாக்கா நீ! இப்பதான ஒட்டினேன்? கக்கூசையே கயட்டணும். நான் சாத்தாங்காட்டுல வேலையில கீறேன். காலைல வந்து பாக்குறேன், பேஜாரு பண்ணாத."

காலையில். அதுவரை அந்தக் கதவை மூடி வைத்தால் போதும் என்று நினைத்தாள்.

ஆனால் சாயங்காலம் எத்திராஜ் தானே முகம் வழித்து, புது லுங்கி கட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். விழுந்ததிலிருந்து அவன் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"இன்னிக்கு வேணாம்யா. நாளைக்குப் போவலாம். சிமென்ட் இன்னும் காயல."

"காஞ்சிடுச்சின்னு காலைல நீதான சொன்னே?"

"உள்ள ஏதோ சத்தம் வருதுய்யா. எனக்கு பயமா கீது."

"லாரி போயிருக்கும்மே." அவன் தடியை ஊன்றி எழுந்தான். "ரெண்டு வருசம் பொறுத்துட்டேன். இத்த மட்டும் தடுக்காத."

என்ன சொல்லித் தடுப்பாள்? கிணறு மூச்சு விடுகிறது என்றா? சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் போவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். உள்ளே நுழைந்தவன் திரும்பி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு அவளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கதவில் காதை வைத்தாள். லுங்கி உரசும் சத்தம். சுவரில் பதித்த பிடிக்கம்பியைப் பிடித்து உட்காரும் முனகல். பிறகு தரையில் தடி, ஒரு தட்டு.

ஒன்றுமில்லை, வராதே.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பயந்ததெல்லாம் வெறும் பிரமைதானோ என்று ஒரு நிமிஷம் நம்பினாள். தெருவில் லாரிகள் வரிசையாகப் போயின. போய் அடங்கின.

அடங்கிய பிறகு, உள்ளே யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள்.

கதவு உள்பக்கமாக அமுங்கியது. கீழ் இடுக்கில் காற்று ஓடியது. அவள் புடவை ஓரம் இடுக்குக்குள் இழுபட்டது.

"யோவ்! தாப்பாளத் தொற!"

கதவை இரண்டு கையாலும் தள்ளினாள்.

"எத்திராஜு!"

தடி விழவில்லை. ஆள் விழவில்லை. அலறல் இல்லை. இழுத்த மூச்சு மட்டும் நின்றது.

தோளால் இடித்தாள். உதைத்தாள். அவன் மானத்தைக் காக்க வேண்டும் என்று அவளே தேடி வாங்கிய தாழ்ப்பாள். அசையவில்லை. அம்மிக்கல்லின் குழவியைத் தூக்கிவந்து, விரல் நசுங்கியதைக்கூடப் பார்க்காமல் இடித்தாள். கதவு பிளந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. புது லுங்கி கொக்கியில் மடித்தபடி தொங்கியது. பிடிக்கம்பியில் ஈரமாக ஐந்து விரல் தடம். மேலே கைகூட நுழையாத வென்டிலேட்டர். தரையில் ஒரு கீறல் இல்லை. கோப்பையில் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது.

எத்திராஜ் இல்லை.

தடியும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து கோப்பைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

மூலைக் கல்லுக்கு அடியில், வெகு ஆழத்தில், தடி தட்டியது. ஒரு தட்டு.

கொஞ்சம் விட்டு, மறுபடி ஒன்று. பிறகு அவசர அவசரமாக, நடுநடுவே இடைவெளி விட்டு, ஒன்று. ஒன்று. ஒன்று.

வராதே. வராதே. வராதே.

அவள் குழவியை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

அவள் உட்கார்ந்திருந்த கல்லுக்கு நேர் கீழே, மிகப் பக்கத்தில், நிதானமாக, டொக் டொக்.