பத்து மணிப் புள்ளிகள்

காலை நான்கரை மணிக்கு மரகதவல்லி தன் மகள் எழிலியைத் தூக்கப்பையோடு அள்ளி எடுத்து, குழாய்வண்டியின் கொக்கியில் மாட்டினாள். எழிலி விழிக்கவில்லை. அவளுக்கு இருபுறமும் மற்றப் பிள்ளைகள் பைகளுக்குள் தூங்கியபடி தொங்கினார்கள். தலைநகரான நடுக்கூட்டில் ஓர் இயந்திரக் கை அவர்களை ஒவ்வொருவராக இறக்கி, முகம் துடைத்து, வகுப்பில் உட்காரவைக்கும். செவ்வாய்க் கோளின் உப்புப்பள்ளத்துப் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள்.

"பகல் வெளிச்சத்துல எம்பொண்ணு மொகத்தப் பாத்தே எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்றாள் மரகதவல்லி, பக்கத்து வீட்டுச் சவரியம்மாளிடம். "தூங்கிக்கிட்டே போறா, தூங்கிக்கிட்டே வர்றா."

அந்த ஆண்டு புதிய பள்ளி ஒன்றுக்கு அனுமதி வந்திருந்தது. இடத்தைத் தீர்மானிப்பது நிலவரைவி என்ற கருவி. ஒவ்வொரு குழந்தையின் மணிக்கட்டிலும் உள்ள, மூச்சை அளக்கும் பட்டையைச் செயற்கைக்கோள் படித்து, அது இருக்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி வைக்கும். எங்கே கட்டினால் எல்லாப் புள்ளிகளுக்கும் தொலைவு குறையுமோ, அங்கே பள்ளி எழும். மனிதர் யாரும் குறுக்கிட முடியாது.

மரகதவல்லி நடுக்கூட்டில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அலுவலர் தணிகைவேலு திரையைத் திருப்பிக் காட்டினார். உப்புப்பள்ளம் வெறும் சிவப்பு மண்ணாக இருந்தது.

"உங்க ஊர்ல பிள்ளைங்களே இல்லையேம்மா."

"நூறு பேருக்கு மேல இருக்காங்க சார்."

"புள்ளி எடுக்கிறது காலை பத்து மணிக்கு. அப்ப அவங்க எங்க இருப்பாங்க?"

"இங்கதான். உங்க பள்ளிக்கூடத்துல."

"அதான். இங்க கூட்டம் அதிகம்னு நிலவரைவி இங்கயே இன்னொண்ணு கட்டச் சொல்லுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் புரியுதும்மா. நேரத்தை மாத்தணும்னா பூமியில அனுமதி வாங்கணும். நாளைக்குக் கடைசிக் கணக்கெடுப்பு."

நாளைக்குத்தான் ஆண்டுத் தேர்வும். எழுதாத பிள்ளைக்கு ஓராண்டு போய்விடும். எழிலி ஒருத்தி வீட்டில் இருந்தால் ஒரு புள்ளி. ஒரு புள்ளியை நிலவரைவி மதிக்காது. மரகதவல்லி அன்று மாலை வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"பரீட்சையன்னிக்கா?" என்று சவரியம்மாள் வாயில் கைவைத்தாள். "எம்மகனுக்கு ஒரு வருசம் போச்சுன்னா அவன உன் வீட்லயே விட்டுருவேன். அவன் திங்கிற தீனிக்கு நீ தாங்கமாட்டே."

"விடு. எம்பொண்ணும்தான் எழுதப்போறதில்ல."

மறுநாள் குழாய்வண்டி வெறும் கொக்கிகளை ஆட்டிக்கொண்டு போனது. பத்து மணிக்குத் தணிகைவேலுவின் திரையில் சிவப்பு மண்ணில் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. பிறகு பத்து, நாற்பது, மழை பெய்ததுபோல ஊர் முழுக்க நீலம். நடுக்கூட்டில் நட்டிருந்த பள்ளிக் குறி மெல்ல அசைந்தது. மலைகளைத் தாண்டி நகர்ந்து வந்து, உப்புப்பள்ளத்தின் நடுவில் அசையாமல் நின்றது. தணிகைவேலு நாற்காலியை விட்டு எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கைதட்டினார்.

மேலிடத்துக்குக் கோபம்தான். ஆனால் ஒரே நேரத்தில் நூறு பிள்ளைகளை ஓராண்டு நிறுத்திவைக்கவும் பூமியின் அனுமதி வேண்டுமாம். அது வருவதற்குள் அவர்களுக்கென்று வைத்த மறுதேர்வே நடந்து முடிந்துவிட்டது. எல்லாரும் எழுதினார்கள்.

கட்டட எந்திரங்கள் செம்மண்ணைச் சுட்டு, மழைக்காலமே அறியாத அந்த ஊரில் வானவில் நிறச் சுவர்களோடு ஒரு பள்ளியை எழுப்பின. திறப்பு நாளில் எழிலி கண்ணைத் திறந்துகொண்டு, தன் காலால் நடந்து பள்ளிக்குப் போனாள். ஊரே குலவையிட்டது. மரகதவல்லியைத் தோளில் தூக்காத குறை.

பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் மாலை முழுவதும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அம்மாக்கள் வாசலில் நின்று சிரித்தபடி பார்த்தார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு குறைந்தது.

"இவ்வளவு நேரம் சும்மாவே சுத்துதுங்களே," என்றாள் சவரியம்மாள். "நடுக்கூட்டுல ஒரு டியூஷன் இருக்காம். சொல்லிக்குடுக்கிறவரு ரொம்பப் பேர்போன ஆளாம். நான் எம்மகனைச் சேத்துட்டேன்."

மரகதவல்லிக்குத் திக்கென்றது. மறுநாளே அவளும் இடம் பிடித்துவிட்டாள்.

மாலை வண்டி கிளம்பும் நேரம். மகளைப் பைக்குள் நுழைத்து அவள் இழுத்துப் பூட்டினாள்.

"பள்ளிக்கூடம்தான் வாசலுக்கே வந்துருச்சேம்மா," என்றாள் எழிலி. "அப்புறம் இது எதுக்கு?"

"அதனாலதான்டி நேரம் மிச்சமாயிருக்கு," என்று மகளின் நெற்றியில் முத்தமிட்டு, மரகதவல்லி அவளைக் கொக்கியில் மாட்டினாள்.