மேம்பாலம் ஏறாத வெள்ளைக் கார்

நோயல் ஓங்கிய ஜாக்கிக் கம்பி விர்ரென்று இறங்கியது. சிரில் குனிந்து தப்பினான். கம்பி தகரச் சுவரில் மோதி அலறியது.

"என் பொண்டாட்டியக் கொன்னுட்டியேடா டிரேவர்!"

"அங்கிள், நான் சிரில்! டிரேவர் அந்தாண்ட நிக்கிறார்!"

டிரேவர் நகரவில்லை. "அடிக்கட்டும், விடு. அக்காவே போயாச்சு."

குளோரியா வந்து நோயலின் கையிலிருந்து கம்பியை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். விபத்து வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை தருவது அவள் தொழில். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இந்த ஷெட்தான் அவளுடைய ஆபீஸ். சிரில் அவளுடைய உதவியாளன். விசாரணை தொடங்கும் முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிறவன்.

"நோயல் அண்ணா, முதல்லேர்ந்து சொல்லுங்க."

"இவன் என் மச்சான். பிரிஜெட்டோட தம்பி. இருவது வருஷமா இந்த வண்டிய ரிப்பேர் பாக்கறது இவன்தான். போன வருஷம் ஓவர்டேக் பண்றப்போ திணற ஆரம்பிச்சுது. அப்புறம் ரிங் ரோட்டுல இழுக்கல. இவன்கிட்ட சொன்னா சிரிக்கிறான். அன்னிக்குக் காலையில அவளுக்கு நெஞ்சு வலி. மேம்பாலத்து ஏத்தத்துல வண்டி நத்தை மாதிரி ஊருது. ஆட்டோக்காரன்லாம் தாண்டிப் போறான். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தறப்போ அவளுக்கு மூச்சு இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லு குளோரியா. நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். இவன் உள்ள போகணும்."

"வழியில பிரிஜெட் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் பேசல." பதில் வெடுக்கென்று வந்தது.

சிரில் அதற்குள் பானெட்டைத் திறந்திருந்தான். "கொஞ்சம் கொஞ்சமா பவர் போச்சுன்னா ஏர் ஃபில்டர் அடைப்புக்கா! இல்லன்னா பெட்ரோல் பம்ப்!"

ஃபில்டர் புத்தம் புதிதாக இருந்தது. பெட்ரோலும் ஒழுங்காக வந்தது. சிரிலின் முகம் தொங்கியது.

"எங்கிட்ட வர்றப்பல்லாம் குதிரை மாதிரி ஓடிச்சு," என்றான் டிரேவர். "சும்னே, காரணமே இல்லாம எதை மாத்தறது?"

"ஷெட்டுல குதிரை, வீட்டுல கழுதையா? நல்ல கதை குரு!"

"கதை இல்ல சிரில், துப்பு," என்றாள் குளோரியா. "டிரேவர், உங்க ஷெட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால வண்டியில யார் கை படும்?"

"அக்காதான். என் ஆளுங்க கிரீஸ் காலோட ஏறுவாங்கன்னு திட்டிட்டு, கால்மேட்டெல்லாம் எடுத்து வீட்டுல வெச்சிட்டுதான் சாவியே குடுக்கும்."

குளோரியா காரை ஒரு சுற்று சுற்றினாள். இடது பக்கம் நெடுகக் கீறல்கள். ஒன்றில் பச்சைச் சாயம், இன்னொன்றில் மஞ்சள்.

"பெங்களூர்ல எவன் ஒழுங்கா ஓட்டறான்?" என்று முணுமுணுத்தார் நோயல்.

"சிரில், உள்ள உக்காந்து ஆக்ஸிலரேட்டர முழுசா மிதி."

சிரில் மிதித்தான். எஞ்சின் முனகியது. பானெட்டுக்குள் கேபிள் இழுக்கிற நெம்புகோல் பாதியிலேயே நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். பிறகு அதைத் தன் விரலாலேயே முழுக்கத் தள்ளினாள். எஞ்சின் உறுமிய உறுமலில் ஷெட்டின் கூரை அதிர்ந்தது.

"எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்ல," என்றாள். "கால் சொல்றது முழுசா அங்க போய்ச் சேரல. சிரில், காலுக்குக் கீழ இருக்கிற கால்மேட்டை எடு."

கால்மேட்டின் அடிப்பக்கத்தில், சரியாக ஆக்ஸிலரேட்டர் மிதிக்குக் கீழே, தடித்த கம்பளித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. அடியில் இருந்தது நிறம் வெளுத்துப் போயிருந்தது. மேலே இருந்தது புதிது. ஓரமெல்லாம் நீல நூலில் சங்கிலித் தையல்.

நோயல் அதை வாங்கி முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். சர்ச்சில் மண்டியிடப் போடும் மெத்தைகளுக்கெல்லாம் அந்தத் தையலைப் போட்டவள் ஒருத்திதான்.

"பிரிஜெட்டா? ஏன்?"

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால ரெண்டடி தூரத்துல நின்ன சிரில டிரேவர்னு நெனச்சு அடிக்கப் போனீங்கண்ணா."

நோயல் தலை குனிந்தார்.

"உங்க கண்ணுல புரைன்னு அக்கா அழுதுட்டே இருந்துச்சு," என்றான் டிரேவர். "நீங்க ஆபரேஷனும் பண்ணிக்கல, சாவியும் தரல."

"கார் எங்கயாவது உரசிட்டு வந்தப்பல்லாம் ஒரு துண்டு சேர்த்திருக்காங்க," என்றாள் குளோரியா. "நிறுத்த முடியாதவர மெதுவாக்கப் பார்த்திருக்காங்க. மெக்கானிக் கண்ல படக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் மேட்டை எடுத்து வெச்சாங்க."

சிரில் மெல்லக் கேட்டான். "அன்னிக்கு ஆன்ட்டி உங்க பக்கத்து சீட்லதானே இருந்தாங்க அங்கிள்? மேட்டை இழுத்துப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

நோயல் அந்தக் கம்பளித் துண்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அவ பேசினா, குளோரியா. எங்கூட வாழ்ந்து அலுத்துப்போய்தான் அப்படிச் சொன்னாளோன்னு நெனச்சு நான்தான் மறைச்சேன். ஏத்தத்துல நான் கத்திட்டே மிதிக்கிறேன். என் முழங்கால் மேல கைய வெச்சா. 'மெதுவாவே போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ன்னா."