இரண்டு தட்டு

எஞ்சினை நிறுத்திய பிறகும் வண்டி முனகிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் சாவியைக் கையில் பிடித்தபடி, திறந்த பானெட்டின் முன்னால் அசையாமல் நின்றார். பவர் ஸ்டியரிங் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் ஓடுகிற சாமான். பெல்ட் நின்றால் பம்பும் வாயை மூட வேண்டும். பெல்ட் நின்றுவிட்டது. முனகல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்து, மனசில்லாமல் அடங்கியது. சூடான குழாயில் எண்ணெய் வடிகிற சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டிக்கும் வயசாகிவிட்டது; கிழத்துக்கு முக்கல் முனகல் இல்லாமல் இருக்குமா என்ன?

வண்டியைக் காலையில் கொண்டுவந்து விட்டது ஒரு தையல்கடைக்காரம்மா. "ஸ்டியரிங்கை ஒடிச்சா உள்ள இருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்குங்க" என்றாள். "மெயின் ரோட்டு மெக்கானிக்கிட்டதான் மொதல்ல விட்டிருந்தேன். பாதி வேலையில கடையத் திறந்து போட்டுட்டு எங்கேயோ போயிட்டாராம். வீட்டுக்காரங்க தேடாத இடம் இல்லையாம்."

"காத்து புகுந்திருக்கும்மா. காத்துதான், கருப்பு இல்ல. சாயங்காலம் வாங்க."

கூட வேலை பார்க்கும் மைத்துனன் பக்கத்தில் நின்று சிரித்தான். அவள் போன பிறகு மெக்கானிக் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "வண்டி பேசாது மாப்ள. சத்தம்தான் போடும்." இதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. காணாமல் போன மெயின் ரோட்டுக்காரரை நினைத்தால்தான் கொஞ்சம் உறுத்தியது. ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். பெட்ரோல் வாடை ஆகாத மனுஷன். வரிசையாக இரண்டு தும்மல் போட்டுவிட்டு 'அப்பாடா' என்பார். அதனால் அவருக்குத் தும்மல் என்றே பெயர்.

மதியத்துக்கு மேல் மைத்துனன் ஸ்டியரிங் ஆயிலும் குழாய்க்கு ஒரு கிளிப்பும் வாங்கிவரக் கிளம்பினான். அவன் போனதும் மழை பிடித்தது. சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க மெக்கானிக் ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டார். தகரக் கூரையில் மழை இரைந்தது. பட்டறைக்குள் கருகிய எண்ணெயும் ஈர ரப்பரும் கலந்த வாடை தங்கிவிட்டது.

எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். அளவு சரி. பெல்ட்டும் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் சோப்புத் தண்ணீர்போல நுரைத்திருந்தது. நினைத்தது சரிதான், எங்கேயோ காற்று இழுக்கிறது. எஞ்சினைக் கிளப்பிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்ப் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். வெளியே கேட்காததெல்லாம் இரும்பு வழியாக ஏறி வரும். அவர் பிழைப்பே அந்தக் காதுதான்.

பம்ப் அழுதது. அழுகைக்குள் நுரை உடைகிற சத்தம். அதற்கும் உள்ளே, வெகு தூரத்தில், இரண்டு தும்மல். பிறகு, களைத்துப்போன குரலில், அப்பாடா.

ஸ்க்ரூடிரைவர் கை நழுவித் தரையில் விழுந்தது. எஞ்சினை அணைத்தார். வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தார். பசிமயக்கம் என்றார். சாப்பாட்டுக்கு வரச்சொல்லி மனைவி போனில் இரண்டு முறை கூப்பிட்டும் போகாதது நினைவுக்கு வந்தது. அடியில் குழாயை மட்டும் ஒரு நடை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். போனையும் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டு, டார்ச்சும் ஸ்பேனருமாக வண்டிக்கு அடியில் இருந்த வேலைக் குழிக்குள் இறங்கினார்.

ஆளுயரக் குழி. பின்பக்கம் படி, தலைக்கு மேலே வண்டியின் வயிறு. எஞ்சின் இரைச்சலில் குழிக்குள்ளிருந்து கத்தினால் மேலே கேட்காது என்பதால் அவருக்கும் மைத்துனனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும்.

டார்ச்சைக் குழாய்மேல் அடித்தபோது முன்சக்கரம் இரண்டும் இடப்பக்கம் திரும்பின. மெதுவாக. கடைசி வரைக்கும்.

"மாப்ள, வந்துட்டியா?"

சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பின. எஞ்சின் ஓடாத வண்டியில் பம்ப் முனகியது. அவர் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார். சக்கரம் நிற்கவில்லை. மறுபடி இரண்டு. டார்ச் அணைந்தது. படியைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். குழியின் நீளத்தைத் தாண்டி நடந்தும் படி வரவில்லை. சுவரைத் தொட்டார். சிமெண்ட் இல்லை. வழவழவென்று இரும்பு. வெதுவெதுப்பு. காலடியில் எண்ணெய். கணுக்காலைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது.

இந்தப் பக்கம் சுவர் தோளை இடித்தது. அந்தப் பக்கமும்.

ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. மேலே, ரொம்பத் தூரத்தில். மைத்துனனின் குரல். கூடவே மனைவியின் குரல். உயிர் திரும்பியது போல இருந்தது அவருக்கு.

"போனும் இங்கதான்டா கிடக்கு. சாப்பிடக்கூட வரல."

"குழியிலயும் ஆள் இல்லக்கா. எங்கயாவது மழைக்கு ஒதுங்கியிருப்பாரு. நீ பதறாத."

"இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினார். வாயிலிருந்து வந்தது முனகல். நீளமான, இரும்பு முனகல். திரும்பக் கத்தினார். அதே முனகல்.

"பாரு, நிறுத்தின வண்டி கத்துது" என்றான் மைத்துனன். "அவரு வர்றதுக்குள்ள நானே பார்த்துடறேன். உள்ள உட்காருக்கா. சாவியப் போட்டு, நான் சொல்றப்போ ஒடி."

கதவு மூடியது. எஞ்சின் கிளம்பி எல்லாம் அதிர்ந்தது. எண்ணெய் சுழன்று மார்புக்கு ஏறியது. நுரை. இருட்டில் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, யாரோ இரண்டு முறை தும்மினார். அப்பாடா என்று சொல்லவில்லை. அழுதார்.

தலைக்கு மேல் டங்கென்று ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவர் முனை. காதை வைத்துவிட்டான். ஸ்பேனர் இன்னும் கையில்தான் இருந்தது. அவர் தட்டினார். இரண்டு தட்டு. சற்று விட்டு, இரண்டு தட்டு. நிறுத்து மாப்ள. நிறுத்து.

மேலே ஸ்க்ரூடிரைவர் இன்னும் அழுந்தியது.

"என்னடா?" என்றாள் மனைவி.

"ரெண்டு ரெண்டா தட்டுதுக்கா. மாமா தட்டற மாதிரியே..." அவன் குரல் இறங்கியது. அவர் இன்னும் ஓங்கித் தட்டினார். இரண்டு. இரண்டு. இரண்டு. கேட்டுவிட்டான். கேட்டுவிட்டான்.

பிறகு அவன் சிரித்தான்.

"வண்டி பேசாதுக்கா. சத்தம்தான் போடும். காத்து உள்ள சிக்கிக்கிச்சு. கடைசி வரைக்கும் ஒடி, வெளிய வந்துடும்."

மனைவி ஒடித்தாள். கடைசி வரைக்கும்.