வெள்ளையாகத் திரும்பிய தாள்

சத்துவாச்சாரியில் ஆபித் பாஷாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு ரத்தினசாமி ஒரு புகைப்படத்தோடு வந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். அவன் ஊர்க் கல்குவாரியைப் பெரிதாக்கப் போகிறார்கள். அதற்குமுன் காற்றில் எவ்வளவு தூசி என்று அளந்தாக வேண்டும். அதிகாரிகளிடம் அலைந்து திரிந்து, அளக்கும் இயந்திரத்தைத் தன் மொட்டை மாடியிலேயே வைக்கச் செய்திருந்தான். ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சியும் உள்ளே தூசியைப் பிடிக்கும் வடிதாள் வெள்ளையாகவே வந்தது. படத்தில் தாளின் ஓரம் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது.

தூசியே இல்லை என்ற இந்தக் கணக்கு நிலைத்தால் குவாரிக்கு அனுமதி கிடைக்கும், அவன் நிலமும் போகும். நிலத்தின் மூலையில்தான் எட்டு மாத மகனைப் புதைத்திருந்தான். மூச்சிழுப்பு வந்து இறந்துபோன பிள்ளை.

“தாள மாத்திட்டான் பாய்,” என்றான்.

பாஷாவின் உதவியாளர் இரமுக்கும் அதே எண்ணம். தாளை மாட்டிக் கழற்றியவன் கோபி, குவாரி அமர்த்திய டெக்னீஷியன். ரத்தினசாமி வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போதே மனதுக்குள் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

ரத்தினசாமியின் மனைவி சம்பூர்ணம் டீ கொடுத்தாள். மாடியில் எல்லாவற்றின் மீதும் கல்மாவு படிந்திருந்தது. இயந்திரம் கூரை போட்ட சின்னப் பெட்டி. கூரையடியில் நான்கு பக்கமும் காற்று நுழையும் இடைவெளி. அதன் கதவில் ரத்தினசாமியே கையெழுத்திட்டு ஒட்டிய சீட்டு, தாளை எடுக்கும்போது அவன் கண்ணெதிரேதான் கிழிக்கப்பட்டதாம். இடையில் அவன் வேலையிலும் தூக்கத்திலும் இருந்திருக்கிறான். கொடியில் ஒரு நைந்த நூல் புடவையில் சாம்பல் பட்டைகள். சரியாகத் துவைக்கவில்லை என்று இரம் நினைத்தாள். பாஷா பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அளந்த அன்று மழை பெய்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை.

கோபியையும் வரவழைத்து எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். கோபி சிரித்தான். “நான் மாத்தறவனா இருந்தா வெள்ளையாவா வெப்பேன்? கொஞ்சம் அழுக்காக்கி வெச்சா யாருக்கும் டவுட் வராதே சார்.”

“சரியா சொன்ன,” என்றார் பாஷா. “நடுவுல சீட்டு கிழியல, தாள் மாறல. ஆனா ஓரத்துல ஈரம் பட்டுக் காஞ்சிருக்கு. ஈரத்துணி போத்தினா காத்து நுழையும், தூசி நுழையாது. கல்மாவு ஈரத்துல இறுகிடும், தொவச்சாலும் போகாது. கொடியில இருக்கற பொடவையில நாலு பட்டை, பெட்டியோட இடைவெளி அகலம்.”

கோபியின் சிரிப்பு நின்றது. பாஷா குரலைத் தாழ்த்தினார். “ஈரத்துணி தூசிய நிறுத்தும்னு பழகினவங்களுக்குத்தான் தெரியும். கொழந்தைக்குப் போத்தினதாம்மா?”

“ஆமா பாய். தூளி மேல நனச்சு நனச்சுப் போத்துவேன்,” என்றாள் சம்பூர்ணம். “கணக்கு கம்மியா வந்தா நெலத்த எடுத்துக்குவாங்க, நாங்க எங்கயாவது போயிடலாம். புள்ள இங்க இருக்கான்னு இவரு நகர மாட்டேங்கறாரு. அவன் இங்க இருக்கறதாலதான் என்னால இருக்க முடியல.”

ரத்தினசாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் பெயரும் வேண்டாம், துணி போர்த்தியதை மட்டும் அதிகாரிகளுக்கு எழுதினாலே மறுபடி அளப்பார்கள் என்றார் பாஷா. “எழுதுங்க பாய்,” என்றான் ரத்தினசாமி. மனைவியைப் பார்க்கவில்லை.

சம்பூர்ணம் பையை எடுத்துக்கொண்டாள். கலவை ஊரில் அவள் அண்ணன் வீடு, வேலூர் போய் மாற வேண்டும். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இரமுக்குத் துளியும் இல்லை. ஆம்பூர் பேருந்து நிலையம்வரை சம்பூர்ணத்தை அவளே கொண்டுபோய் விட்டாள்.

“மறுபடி அளந்து ஜாஸ்தியா வந்தா குவாரிய மூடிடுவாங்களா?” என்று கேட்டாள் சம்பூர்ணம்.

பொய் சொல்லியிருக்கலாம். இரமுக்கு வாய் வரவில்லை. “பெருசாக்கறதத்தான் நிறுத்துவாங்கக்கா. இப்ப ஓடறது ஓடும். அத ஏற்கெனவே இருக்கற நிலைமைன்னு எழுதிக்குவாங்க.”

“அப்ப என் புள்ள செத்தது அந்த நெலமையில சேத்தியா?”

வேலூர் பேருந்து வந்தது. இரம் பையை எடுத்துக் கொடுத்தாள். சம்பூர்ணம் வாங்கிக்கொண்டு ஏறினாள்.