கவிழ்த்து வைத்த மங்குகள்

சொட்டுவதற்கு அந்தக் காரில் எதுவுமே இல்லை. என்ஜினைக் கழற்றி மூன்று வாரமாகிறது. பெட்ரோல் தொட்டி கழுவிக் காய்ந்து பின்கட்டில் கிடக்கிறது. பிரேக் குழாய்கள், ரேடியேட்டர் எல்லாம் அட்டைப்பெட்டிகளில். வாசல் போர்ட்டிகோவில் நான்கு இரும்பு முக்காலிகளின் மேல் வெறும் கூடாக நின்ற அந்தக் கூரையில்லாத இரண்டு சீட்டுக் காரின் அடியில், வியாழக்கிழமை சாயங்காலம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கறையைப் பார்த்தான் குணாளன்.

விரலால் தொட்டான். ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. முகர்ந்தால் புளித்த வாடை. அம்பாங்கானில் பிறந்து, தோட்டத்து வேலை பார்க்காமல் பகாவ் பஸ் பட்டறையில் ஸ்பேனரோடு வளர்ந்த அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை.

பகாவ் தாண்டி ஒரு தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது கிடைத்த கார் அது. பழைய துரை பங்களாவின் பின்கொட்டகை இடிந்து, அதற்குள் இருந்தது. அந்த அழிப்பு வேலையைக் குத்தகை எடுத்த மகேந்திரன் பழக்கமானவன். தூக்கிட்டுப் போங்கண்ணே என்றான். பக்கத்து சீட்டில் ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள் நான்கு, வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. போல்ட்டு நட்டுப் போட்டுவைக்க வசதி என்று குணாளன் அவற்றையும் நிமிர்த்தி எடுத்துவந்தான்.

சிவப்புத் தோல் சீட்டு, ஜப்பான் கியர்பாக்ஸ், கரும்பச்சைப் பெயிண்ட் என்று அவன் மனத்தில் கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு லோகேஸ்வரியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. "கூரையே இல்ல. மழை வந்தா குடை நான் புடிக்கணுமா?" என்று அவள் கேலி செய்வாள். ஆனாலும் சீட்டுத் தோலின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

அன்று அவளும் கறையைப் பார்க்க வந்தாள். ஒரு மங்கிலிருந்த போல்ட்டுகளைக் காகிதத்தில் கொட்டினாள். குனிந்து, சொட்டு விழும் இடத்தில் மங்கை வைத்து, விளிம்பை லேசாகத் திருப்பினாள்.

"தரை வீணாப் போவுதுல்ல," என்றாள். பிறகு தன் கையைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாகூடத் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனது. பதினாறு வயசுல விட்டேன். கை மறக்கல பாருங்க."

"என்ன அது?"

"பாலுதான்."

இரும்பிலிருந்து எப்படிப் பால் வரும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவனைக் கலக்கியது அதுதான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கண் விழித்தபோது கட்டிலில் அவள் பக்கம் காலியாக இருந்தது. வாசலில் நின்றாள். தலையில் துண்டு கட்டி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மங்கு நிறைந்திருந்தது. ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்து அவன் வழவழப்பாக்கியிருந்த கார்க்கதவில், மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வெட்டு. நேரான, நடுக்கமில்லாத வெட்டு. அதன் வழியே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் சுருண்டு கிடந்த மெல்லிய சீவலை எடுத்துப் பார்த்தான். தகரம் இல்லை. ஈரமாக, பட்டை வாடை அடித்தது.

"லோகேஸ், இத யாரு பண்ணா?"

"மழை வர்றதுக்குள்ள முடிக்கணுங்க," என்றாள் அவள். அவள் கையில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை போர்ட்டிகோவின் சிமெண்டுத் தூணடியில் இன்னொரு மங்கு இருந்தது. மத்தியானத்துக்குள் வாசல் நிலைக்கு அடியில் மூன்றாவது. தூணிலும் நிலையிலும் அதே சாய்வு வெட்டு, அதே வெள்ளை. வீடு முழுக்கப் புளித்த பாலின் நாற்றம் சோற்றிலும் தலையணையிலும் ஏறியிருந்தது. அவள் சாப்பிடவில்லை. அவன் கூப்பிட்டால் தூரத்திலிருந்து திரும்புகிறவளைப் போல மெதுவாகத் திரும்பினாள். ஒருமுறை, "முத்தாயி பெரட்டுக்குப் போயிட்டாளா?" என்று கேட்டாள். முத்தாயி என்று அவர்களுக்கு யாரையும் தெரியாது. காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு அந்தத் தோட்டங்களில் நின்றுபோய் எத்தனையோ வருடமாகிறது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று குணாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. மகேந்திரனுக்குப் போன் அடித்தான். அவன் தன் அம்மாவைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, அந்தக் காரு ஒரு பொம்பளைய அடிச்சுருச்சாம். பெரட்டுக்குப் போற வழியில. அதுலேருந்து துரை அத வெளிய எடுக்கலையாம். செத்தவங்க நிரைய, அதான் அவங்க வெட்டுன மர வரிசைய, யாரும் தொட மாட்டாங்கண்ணே. அவங்க மங்கெல்லாம் கவுத்துப் போட்ருவாங்க. பூசை போட்டு, வேலை வாங்குற மண்டோர் நிமித்துனாத்தான் அடுத்த ஆளு."

"தெரியாம நிமித்திட்டா?"

"அதுல யாரு பால் புடிக்கிறாங்களோ அவங்க நிரை அது. கடைசி மரம் வரைக்கும் வெட்டி முடிக்கணுமாம்." மகேந்திரன் இழுத்தான். "நீங்க ஒண்ணும் பண்ணலல்ல?"

குணாளன் போனை வைத்துவிட்டான்.

மூன்று மங்குகளையும் கவிழ்த்தான். பால் தரையில் பரவி அவன் செருப்பை ஒட்டிப் பிடித்தது. நான்காவதை வீடு முழுக்கத் தேடினான். இல்லை. காரை ஏற்றிப்போக ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு லாரி சொன்னான். உள்ளே வந்து லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் அவன் அழுததில்லை.

"கார அனுப்பிடறேன். எனக்கு அது வேணாம். நீ இருந்தா போதும்."

"நிரைய பாதியில விடக் கூடாதுங்க," என்றாள் அவள் இரக்கத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை விடட்டும், வருகிறேன் என்றான் லாரிக்காரன். குணாளன் சோபாவில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியபடி இருந்தான். கூரையில் மழை இரைந்தது. வாசலில் மழையைவிட மெதுவாக, மழையோடு சேராமல், சொட்டுச் சத்தம் தனியாகக் கேட்டது. இரண்டு ராத்திரியாக அவன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது மழை விட்டிருந்தது.

கை காலி.

வாசலில் சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. இப்போது அது பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில்.

அவன் இடது கை சோபாவுக்கு வெளியே தொங்கியது. குளிர்ச்சி. வலி இல்லை. குனிந்து பார்க்க நினைத்தான். கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் திரும்பியது.

கைக்கு நேர் கீழே ஒரு மங்கு. நான்காவது.

லோகேஸ்வரி குந்தியிருந்தாள். தலையில் துண்டு. அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சாய்வு வெட்டு, நேராக. அதன் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளை நாடாவைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி, உரித்து, சுருட்டிக் கூடையில் போட்டாள்.

அது நேற்றைய வெட்டில் வடிந்து காய்ந்த பால். எத்தனை நாள் தூங்கினான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

லோகேஸ் என்று கூப்பிட்டான். வாய் திறக்கவில்லை. அவள் பால் வெட்டும் உளியைத் துடைத்துவிட்டு, பழைய வெட்டின் மேலேயே, ஒரு நூல் ஆழம்கூட மீறாமல், மெல்ல இழுத்தாள். சீவல் சுருண்டு விழுந்தது.

பால் திரண்டது. மணிக்கட்டில் தேங்கியது. சொட்டியது.

அவள் நிமிர்ந்து அவன் முகம் இருந்த பக்கம் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக அவன் பசியையும் கோபத்தையும் பார்த்தே கண்டுபிடித்த கண்கள், அவன்மேல் மேலும் கீழும் நிதானமாக ஓடின, பட்டை இன்னும் எத்தனை வருடத்துக்கு மிச்சம் இருக்கிறது என்று.