இறுகாத மாவு

“அண்ணா...!”

தங்கை போட்ட அலறலில், எதிரே இருந்த போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டரே ஓடி வந்துவிட்டார்.

பொம்மை அச்சுப் பட்டறையின் மேஜையடியில் அண்ணன் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை. இறுகப் பொத்திய வலது கையில் வெளிர் நீலமாய் ஓர் உருண்டை பிதுங்கியது.

இன்ஸ்பெக்டர் அதைப் பென்சிலால் குத்தினார். நுனி உள்ளே போனது.

“என்னம்மா இது?”

“சிலிகான் மாவு சார். வெள்ளையும் நீலமும் சரிபாதி எடுத்துப் பிசையணும். பொம்மை மேல அமுக்கினா அச்சு. பத்தே நிமிஷத்துல ரப்பரா இறுகிடும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது... தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம்!

அலறல் கேட்டுக் கூடிய கும்பலை விலக்கிக்கொண்டு அண்ணனின் பார்ட்னர் முன்னால் வந்தார். வெளியே ஆர்டர் பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை.

“இன்னும் இறுகலையே சார்! அப்போ பிசைஞ்சு பத்து நிமிஷம்கூட ஆகல. நான் பன்னெண்டு மணிக்கே கிளம்பிட்டேன். அதுக்கப்புறம் இங்க இருந்தது இவ மட்டும்தான்!”

“நான் பின்னாடி ரூம்ல மெஷின் ஓட்டிட்டு இருந்தேன் சார்... எதுவும் கேட்கல...”

“நல்ல கதை! கூடப் பிறந்தவனையே... ச்சே!”

பட்டறையையும் பின்னறையையும் நிதானமாய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “ஸ்டேஷனுக்கு நடம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனுக்காக அழக்கூட விடமாட்டேன் என்கிறார்களே, படுபாவிகள்!

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“நான் கத்தினப்போ மணி ரெண்டு. இப்போ ரெண்டு இருபது. இன்னொரு தடவை குத்துங்க சார்!”

குத்தினார். பென்சில் அப்போதும் உள்ளே போனது!

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

“டப்பா இதோ இருக்கு. மூணு பேரும் ஆளுக்கு ஓர் உருண்டை பிசைவோம்,” என்றாள் அவள்.

“பிணத்தை வெச்சுக்கிட்டு என்னடி விளையாட்டு?” பார்ட்னர் சீறினார்.

“பிசைங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

பிசைந்தார்கள்.

பத்து நிமிடம்...

இன்ஸ்பெக்டரின் உருண்டை மேஜையில் பந்தாய்க் குதித்தது. அவளுடையதும் குதித்தது.

பார்ட்னரின் உருண்டை மட்டும் பிசுபிசுவென்று கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“மா... மாவு கெட்டுப் போச்சு...”

“ஒரே டப்பாதான்டா!” அவள் கத்தினாள். “சார், வெள்ளை ரப்பர் கையுறை இந்த மாவுக்கு ஜென்ம விரோதி. அது பட்டா மாவு இறுகவே இறுகாது. அதைக் கழட்டின கை பட்டாக்கூட இறுகாது! அண்ணன் அதைப் பட்டறைக்குள்ளயே விடமாட்டாரு. ஆர்டர் பிடிக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?”

“எதுக்குய்யா கையுறை?”

பார்ட்னர் கையைப் பின்னால் மறைத்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து அண்ணனின் விரல்களை மெல்ல விரித்தார்.

உருண்டையின் அடியில், பாதி நசுங்கிய ஒரு சாவித் தடம்!

“பீரோ சாவி சார்! எங்க புது அச்செல்லாம் அதுலதான் இருக்கு. கைரேகை படாம கையுறை போட்டுக் கள்ளச் சாவிக்கு அச்செடுத்திருக்கான்... அண்ணன் பார்த்துட்டுப் பிடுங்கியிருக்காரு... அடிச்சே கொன்னுட்டான்! கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா பாவி!”

பார்ட்னர் வாசலுக்குப் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் கொத்தாகச் சட்டையைப் பிடித்து, அவர் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டார். சுருட்டி வைத்த வெள்ளைக் கையுறைகள்!

“சார்... எல்லாத்தையும் சொல்லிடறேன்... ஒரு பத்து நிமிஷம் பொறுங்க சார்...”

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். க்ளிக்!

“இது இறுக அவ்வளவு நேரமெல்லாம் ஆகாதுய்யா!”